பாதாள நகரத்தில் குறை கண்டவர்

நயாகராவுக்கு முன்னால் நின்று, "உதென்ன, பைப் வெடிச்ச மாதிரிக் கிடக்கு" என்று சொன்ன ஒரு மனிதரை எனக்குத் தெரியும். மொன்ட்ரியாலில் இருந்து எங்கள் கோயில் பங்குச் சனம் இரண்டு பஸ்களில் போயிருந்தோம். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவர் பின்னால் கையைக் கட்டியபடி வந்து, அந்த ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு, கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போய்விட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். உண்மையாகவே பைப் வெடித்த மாதிரித்தான் இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு நயாகரா கிடையாது, பைப்தான் உண்டு.

அவர் பெயரைச் சொல்லமாட்டேன். ஆள் இப்போது இல்லை. சொன்னால் எங்கிருந்தாவது "உதுவும் ஒரு எழுத்தோ?" என்று குரல் வரும். பங்கில் எல்லோருக்கும் அவர் அண்ணை. எனக்கும் அண்ணை. நான் அவருக்கு 'உவன்'. நேரே முன்னால் நின்றாலும் உவன்தான். "உவனுக்கும் ஒரு தேத்தண்ணி குடுங்கோ" என்பார், ஏதோ வாசலில் வந்து நிற்கும் பிராணியைக் காட்டுவது போல.

நான் வீடு வாங்கியபோது சாப்பிடக் கூப்பிட்டேன். பாதர் வந்து மந்திரித்துவிட்டுப் போனபின் இவர் வந்தார். வரவேற்பறைச் சுவரை மடக்கிய விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"உது சுவரோ, பப்படமோ?"

என் மனைவி சமையலறைக்குள் போய் ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள். நான் சிரித்தேன். அவர் போனபிறகு நான் வீட்டின் எல்லாச் சுவர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. பப்படம்தான்.

இப்படிப்பட்ட மனிதரோடு ஏன் பழகினாய் என்று கேட்பீர்கள். பழகவில்லை. அவர் இகழ்ந்தார், நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கு அது பழகிவிட்டது. சிலர் காலையில் வேப்பங்குச்சி மெல்வதில்லையா, அது மாதிரி.

அவர் இகழ்ந்தவற்றில் முதலிடம் மெட்ரோவுக்கு. அவர் குடியிருந்த மொன்ட்ரியால்-நோரில் இருந்து நகர மையத்துக்கு வருவதென்றால், யாரும் பஸ்சில் ஏறி மெட்ரோவுக்கு மாறுவார்கள். இவர் மூன்று பஸ் மாறி, ஒன்றேகால் மணி நேரம் எடுத்து, மூக்கு நுனி சிவந்து வந்து சேருவார். கேட்டால், "மனிசர் பூமிக்கு மேலால நடக்கப் பிறந்தவை. கீழால ஓடுறது எலி" என்பார். தை மாதக் குளிரில் நகரமே நிலத்தடிக்குள் இறங்கி, கடைகளுக்குள்ளும் நடைபாதைகளுக்குள்ளுமாக மேல்சட்டை இல்லாமல் உலாவிக்கொண்டிருக்கும்போது, இவர் மட்டும் மேலே வெறுந்தெருவில் காற்றை எதிர்த்துத் தள்ளிக்கொண்டு போவார். பனிக்குள் ஒரு கறுத்தத் தொப்பி தனியாக நகர்ந்தால் அது அவர்தான்.

அந்த எலிகளில் நானும் ஒன்று. நகர மையத்தின் நிலத்தடியில் சூப்பும் சாண்ட்விச்சும் விற்கும் ஒரு கடையில் எனக்கு வேலை. மாரி காலத்தில் இருட்டோடு இறங்கி இருட்டோடு ஏறுவேன். சூரியனை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும்போது பார்ப்பதுதான். பதினொரு வருடமாக அவரைக் கடைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"ஒருக்கா வாங்கோ அண்ணை. நல்ல பருப்புச் சூப் தாறன்."

"உன்ர கடையை நான் வந்து பாத்தால் உனக்குத்தான் வெக்கம்."

நம்பினேன். அந்தப் பதினொரு வருடமும் கடைக் கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம், அவர் வந்தால் எங்கே விரலை வைத்துக் குறை சொல்வார் என்று யோசித்துத்தான் துடைத்தேன். முதலாளி என்னைப் பாராட்டினார்.

இன்னொன்று அவருடைய பங்கர் ஞானம். ஊரில் குண்டு போட்ட காலத்தில் வீட்டுக்கு வீடு வளவில் வெட்டிய பதுங்குகுழியைத்தான் பங்கர் என்போம். கோயில் மண்டபத்தில் நாலு பேர் கூடி அந்தக் காலத்துக் கதை தொடங்கினால், இவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். எத்தனை அடி ஆழம், பனங்குற்றி எப்படி அடுக்குவது, மண்மூட்டை எத்தனை வரி, வாசல் ஏன் வளைந்து இருக்கவேண்டும். "நேராய் வெட்டினவன் நேராய்ப் போனான்" என்று முடிப்பார். சனம் தலையாட்டும்.

உண்மை என்னவென்றால், பங்கர் என்ற சொல் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே இவர் ஜெர்மனிக்குப் போய் இறங்கிவிட்டார்; கனடாவுக்கு வந்தது அங்கிருந்துதான். ஒரு பங்கரையும் அவர் கண்டதில்லை. மூன்று வருடம் பங்கருக்குள் இருந்தவன் நான். மழைக்கு முழங்கால்வரை தண்ணீர் நிற்க, மடியில் தம்பியை வைத்துக்கொண்டு இருந்தவன். அந்த நான், பங்கர் எப்படி இருக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, "அப்பிடியோ அண்ணை?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறை நான் எங்கள் பங்கரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லப்போக, "உது பங்கரில்லை, கிடங்கு" என்றார். மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

பிறகுதான் துருக்கிக்குப் போனோம். பங்கு ஒழுங்குபடுத்திய திருயாத்திரை. மாதாவின் வீடு, பழைய கோயில்கள், அதோடு கப்படோக்கியாவில் ஒருநாள். அங்கே பழங்காலத்தில் பாறையைக் குடைந்து நிலத்துக்குக் கீழே கட்டிய ஒரு நகரம் இருக்கிறது. படை வந்தால் ஊரே ஆடு மாட்டோடு உள்ளே இறங்கி, உள்ளிருந்து வட்டக்கல்லை உருட்டி வாசலை அடைத்துவிடுமாம். தொழுவம், சமையலறை, கிணறு, கீழே ஆழத்தில் சிலுவை வடிவில் ஒரு கோயில். அந்தக் கோயிலில் ஒரு செபம் சொல்லவேண்டும் என்பது பாதருடைய ஆசை.

எல்லோரும் கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும், சம்பளத்துக்கு வருடம் முழுக்க ஒரு நிலத்தடி நகரத்தில் கிடந்துவிட்டு, விடுமுறை எடுத்து, விமானம் ஏறி, டிக்கெட்டும் வாங்கி இன்னொரு நிலத்தடி நகரம் பார்க்க வந்த என் புத்தியை மெச்சிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் வழி நெடுக அவர்தான் பேச்சு. வழிகாட்டி சரித்திரம் படித்த ஒரு துருக்கிப் பெண். காற்றுக்காக மேலிருந்து கீழ்வரை குடைந்த துவாரங்களின் படத்தைக் காட்டினாள்.

"பிழை," என்றார் அண்ணை. தமிழில் எங்களுக்குச் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் அவளுக்கும் சொன்னார். "உப்பிடி நேராய் வெட்டினால் மேல நிக்கிறவன் ஒரு கல்லைப் போட்டால் காணும். உள்ளுக்கு இருக்கிறவன் முடிஞ்சான்."

"துவாரத்தின் வாய் வெளியில் தெரியாதபடி மறைத்திருந்தார்கள் ஐயா" என்றாள் அவள்.

"மறைச்சவையாம்" என்று எங்களிடம் திரும்பினார். "எங்கட பெடியள் வெட்டின பங்கரை உவை வந்து பாக்கவேணும்."

பாதர் சிரித்துக்கொண்டு, "அண்ணை, அப்ப நீங்கள்தான் முன்னுக்குப் போகவேணும். உங்களுக்குத்தானே உது கைவந்த கலை" என்றார். பஸ் முழுக்கக் கைதட்டியது. அவர் கை தட்டவில்லை. "நான் பின்னுக்கு வாறன். ஆரும் தவறிப்போகாமல் ஒராள் பாக்கவேணும்" என்றார். என்ன பொறுப்பு என்று நினைத்தேன்.

அவருடைய மனைவிக்கு முழங்கால் வருத்தம். அந்த அக்கா வாசலுக்கு வெளியே துணிப்பொம்மை விற்கும் பெண்களிடம் இருந்துவிட்டார். நாங்கள் இறங்கினோம். கடைசி ஆள் நான். காரணம் என் வயிறு. எங்காவது இறுகிக்கொண்டால் பின்னால் வருபவர்களுக்கு இடைஞ்சல் என்று நானே ஒதுங்கிக் கடைசிக்கு வந்திருந்தேன். எனக்கு முன்னால் அண்ணை.

முதல் தளம் அகலமான தொழுவம். "மாட்டுக்கொட்டில் பாக்கவோ வந்தனாங்கள்?" என்றார். குரல் எப்போதும் போல இருந்தது. இரண்டாவது தளத்தில் பேச்சில்லை. அதற்குப் பிறகு ஒரு பாதை வந்தது. இடுப்பை மடித்து, ஒருவர் பின்னால் ஒருவராக மட்டுமே போகலாம். நீளமாக, சரிந்து, கீழே போய்க்கொண்டே இருந்தது. முன்னால் போனவர்களின் பேச்சுச் சத்தம் வளைவில் திரும்பித் தேய்ந்தது. நான் தலையைக் குனிந்தபடி நடந்து, அவருடைய முதுகில் போய் முட்டினேன்.

அவர் குந்தியிருந்தார். இரண்டு உள்ளங்கையும் இரண்டு பக்கச் சுவரிலும். சேர்ட் முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. உள்ளே நல்ல குளிர்.

"என்ன அண்ணை?"

மூச்சு மட்டும் கேட்டது. தண்ணீர்ப் பம்ப் காற்றை இழுப்பது போல.

"அண்ணை?"

"தம்பி," என்றார்.

என்னைத்தான். சுற்றிலும் வேறு யாரும் இல்லை.

"தம்பி, வெளியால போற வழி எது? மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு. என்னை வெளியால கொண்டுபோ."

திரும்ப இடமில்லை. எங்களுக்குப் பின்னால் வேறொரு நாட்டுக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. ஒரே வழி, நான் பின்பக்கமாகவே ஏறுவது, அவர் என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் வருவது. வந்த கூட்டம் நகரவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐ ஆம் சிக், ஐ வில் வாமிட்!" என்று கத்தினேன். என் அளவில் ஒரு மனிதன் கீழிருந்து அப்படிச் சொன்னால் மொழிபெயர்ப்பு தேவைப்படாது. இருபது பேர் ஒரு நொடியில் பின்வாங்கினார்கள். வழி முழுக்கக் கத்திக்கொண்டே வந்தேன். என் சேர்ட்டைப் பற்றியிருந்த கையின் பிடி இப்போதும் என் விலாவில் இருக்கிறது.

வெளியே வெயில். அக்கா கையில் ஒரு பொம்மையோடு ஓடிவந்தார். கணவருடைய முகத்தைப் பார்த்தார். சாம்பல் நிறம். அக்கா வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "எனக்கு ஏலாமல் போச்சு அக்கா. அண்ணைதான் கூட்டிக்கொண்டு வந்தவர்."

நல்ல மனதினால் சொன்னேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அவருடைய ரகசியம் ஒன்று என் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது, இனி என்னைப் பார்த்து 'உவன்' என்று சொல்லும்போது கொஞ்சம் யோசிப்பார் என்ற சின்னப் புத்தி. அரை போத்தல் தண்ணீர் உள்ளே போயிற்று. முகத்தில் நிறம் வந்தது. பாதரும் சனமும் மேலே ஏறி வந்தபோது அண்ணை எழுந்து நின்று சொன்னார்:

"உவனால ஒரு கோயிலைப் பாக்கேலாமல் போச்சு."

என் சட்டைப்பைக்குள் இருந்த ரகசியம் இரண்டு மணி நேரத்தில் அவர் வாய்க்குள் என் ரகசியமாக மாறியிருந்தது. அன்றிரவுச் சாப்பாட்டில் அவர் சொன்ன கதையில் நான் வியர்த்தேன். மொன்ட்ரியாலுக்குத் திரும்பி வந்த முதல் ஞாயிறு நான் அழுதேன். கிறிஸ்மஸ் ஒன்றுகூடலில் "அம்மா!" என்று கத்தினேன். அடுத்த வருடம் டொரன்டோவில் ஒரு கல்யாணத்தில் எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "உங்களையோ அண்ணை முதுகில சுமந்து ஏத்தினவர்?" என்று என்னை மேலும் கீழும் அளந்தார். என் எடைக்கு அந்தக் கதை ஒரு பாராட்டு.

வீட்டில் பிரெஞ்சு மட்டும் கதைக்கும் என் மகன், இதற்காகவே தமிழில் கேட்டான்: "அப்பா, நீ உண்மையா அழுதியா?"

"கொஞ்சம்" என்றேன்.

"உங்களுக்கு வாயில்லையா?" என்றாள் மனைவி. அவளுக்கு மட்டும்தான் உள்ளது தெரியும்.

இருந்தது. திறக்கவில்லை. அவர் அந்தக் கதையைச் சொல்லும்போது என்னை நடித்துக் காட்டுவார். நடு மண்டபத்தில் குந்துவார், இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து இல்லாத சுவரில் ஊன்றுவார், வாயைத் திறந்து மூச்சிழுப்பார். அச்சு அசல். என்னைப் பார்த்துப் பழகிய நடிப்பல்ல அது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்க, நான் மட்டும் சீக்கிரம் எழும்பட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

பங்கருக்குள் அவருக்கு ஏதோ நடந்திருக்கும் என்று யாராவது உருகத் தொடங்கினால், மேலே சொன்னதை இன்னொருமுறை வாசிக்கவும். ஒன்றும் நடக்கவில்லை. சிலருக்குக் கரப்பான்பூச்சி, இவருக்கு மூடின இடம். அவ்வளவுதான். அதை மறைக்க ஒரு மெட்ரோவையும் ஒரு நகரத்தையும் என் சூப் கடையையும் இகழவேண்டியிருந்தது என்பதுதான் கொஞ்சம் கூடுதல்.

சில வருடம் கழித்து அவருக்குத் தலைச்சுற்று வந்தது. ஒரு காது மந்தமாயிற்று. தலைக்குள் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார் டாக்டர். முதல் தடவை போய்த் திரும்பி வந்தார்: "மெஷின் பழசு." இரண்டாம் தடவையும் திரும்பி வந்தார்: "நேற்றுப் பிறந்த பெட்டை ஒண்டு நிண்டு பட்டன் அமத்துது. உவளிட்டையோ என்ர தலையைக் குடுக்கிறது?" மூன்றாம் தடவைக்கு நாள் கொடுத்து, இதையும் விட்டால் இனி எப்போது கிடைக்குமோ என்று டாக்டர் கடிந்துகொண்டாராம்.

அக்கா எனக்கு போன் எடுத்தார்.

"தம்பி, நாளைக்குக் காலமை அவருக்கு ஸ்கான். போகமாட்டன் எண்டுறார். டாக்டர் தலைக்குள்ள கட்டி எண்டு சந்தேகப்படுறார். பிந்தினால் ஒண்டும் செய்யேலாதாம்."

"நான் சொன்னால் கேப்பாரோ அக்கா? என்னை ஒரு மனுசனாயே மதிக்கமாட்டார்."

"அண்டைக்குத் துருக்கியில நீங்கள் என்ன செய்தீங்களோ, அதைச் செய்யுங்கோ" என்றார்.

வேலையை அரைநாளோடு விட்டுவிட்டு மொன்ட்ரியால்-நோருக்குப் போனேன். அவர் சோபாவில் படுத்துத் தொலைக்காட்சியில் ஐஸ் ஹொக்கி பார்த்து, ஆடுபவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் உட்கார்ந்து, முகத்தைத் தொங்கப்போட்டேன். எனக்கு அது கஷ்டமில்லை, முகம் ஏற்கெனவே அப்படித்தான்.

"அண்ணை, நாளையிண்டைக்கு, உங்களுக்கு அடுத்த நாள், எனக்கு எம்ஆர்ஐ. முதுகுக்கு."

"உனக்கோ?"

"ஓம். குழாய்க்குள்ள விடுவாங்களாம். எனக்குப் பயமாக் கிடக்கு. அந்தத் துருக்கி மாதிரி வந்திடுமோ எண்டு. நான் போகேல்லை எண்டு சொல்லப்போறன்."

தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பழைய இகழ்ச்சி மெல்ல மெல்ல முகத்தில் ஏறி, ஆளை நிமிர்த்தி உட்காரவைத்தது. மருந்துகூட அப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை.

"நீயெல்லாம் ஒரு ஆம்பிளை."

"நீங்கள் நாளைக்குப் போய் எப்பிடி எண்டு பாத்துச் சொன்னால் எனக்கு ஒரு தெம்பு அண்ணை."

"உதென்ன பெரிய காரியம்? படுக்கிறதுதானே?"

மறுநாள் போனார். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அரைமணி நேரம் முழுக்க அவர் கையில் இருந்த அவசர மணியை அமத்தவில்லை என்று அந்தப் பட்டன் பெட்டை அக்காவிடம் சொன்னாளாம். வெளியே வந்து எனக்கு போன் எடுத்தார். "நித்திரை கொண்டுபோட்டன். உதுக்கே நடுங்கினனீ?" காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கட்டி இருந்தது. வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு நல்ல தெம்போடு மூன்று வருடம் இருந்து, அந்த மூன்று வருடமும் துருக்கிக் கதையைச் சொன்னார்.

ஆனால் அந்த போனிலேயே இன்னொன்றும் சொல்லியிருந்தார். "நாளைக்கு நானும் வாறன். உன்னைத் தனிய விட்டால் ஓடிப்போயிடுவாய்."

எனக்கு ஸ்கான் இல்லை. முதுகுவலியும் இல்லை.

சொல்லியிருக்கலாம். சொல்லாமல், அடுத்தநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து, ஆஸ்பத்திரிக் குளிருக்கென்று கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நின்றார். "பேர் குடுத்திட்டியோ?" "ஓம் அண்ணை." பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். எங்கள் நகரத்தில் ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடாமல் இருப்பது யாருக்கும் சந்தேகம் தராது என்பதுதான் என் ஒரே துணிவு. அவர் நிமிடத்துக்கு ஒருமுறை எனக்குத் தைரியம் சொன்னார். "கண்ணை மூடிக்கொள். ஆயிரத்திலயிருந்து பின்னுக்கு எண்ணு. நான் நானூறு வரைக்கும் எண்ணினன்." பிறகு, நித்திரை கொண்டதாகச் சொன்னது நினைவு வந்து, "நானூறோட நித்திரை" என்றார்.

மூன்றாவது மணி நேரம் எழுந்து, நான் தடுக்கத் தடுக்கக் கவுன்டருக்குப் போனார். தொழிற்சாலையில் பழகிய அவருடைய பிரெஞ்சில் என் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டார். அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். இன்று இல்லை, நாளை இல்லை, எந்த நாளும் இல்லை என்று பொறுமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவர் குனிந்து நெடுநேரம் அதைப் பார்த்தார்.

திரும்பி நடந்து வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"உன்ர பேர் அங்க இல்லையாம்."

"அண்ணை..."

என்னை நேராகப் பார்த்தார். இத்தனை வருடத்தில் என் முகத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இரு," என்றார். "ஒரு பேரை ஒழுங்காய் எழுதிவைக்கத் தெரியாத சனம். இன்னும் கொஞ்சம் இருந்து பாப்பம்."